கால்நடைக்குக் காலணி

மாடு என்னும் ஒரே சொல்லால் ஆவையும் செல்வத்தையும் குறித்த இனம் தமிழினம். புறத்திணைகளை வகுத்துரைத்த தொல்காப்பியர், ஆனிரை கவர்தலைப் பொருளாகக் கொண்ட வெட்சியையே முதற்கண் வைத்தார். இளமைப் பெயர்களை மட்டுமே ஒன்பதாக எண்ணி மரபியலில் தொகுத்துரைத்தார். ஏறு, பகடு, காளை, பொலிகாளை என ஆணுக்கும், கிடாரி, கறவை, சினைமாடு, ஈற்றுமாடு எனப் பெண்ணுக்கும் பருவந்தோறும் நிலைதோறும் பெயரிட்டு வழங்கியவர் நம் உழவர். இத்துணைச் சொல்வளம் ஒரு மொழியில் தானே தோன்றிவிடாது. நாள்தோறும் மாட்டைப் பார்த்தும் தொட்டும் தடவியும் பேணிய கைகளே அச்சொற்களை ஈன்றன.

அவ்வழக்கில் நின்ற பெயர்களுள் ஒன்று கால்நடை என்பது. காலால் நடப்பது எதுவோ அது கால்நடை. நடையே அதன் பெயர். நடை கெட்டால் அதன் பெயரும் கெட்டது, வாழ்வும் கெட்டது. காலில் நோவு கண்ட மாடு மேயச் செல்லாது, தொட்டிக்கு வந்து நீர் குடிக்கத் தயங்கும், உடல் மெலியும், பால் குறையும், பருவத்திற்கு வருவது தள்ளிப்போகும். ஒரு மாட்டை நம்பி வாழும் வீட்டில் இந்த இழப்பு அடுப்பு வரை வந்து சேரும். கடைசியில் அந்த மாடு சந்தைக்குப் போகின்றது. அடியில் நோவு கண்ட மாடு அடிமாடாகின்றது. இதுதான் இன்று நம் சிற்றூர்களில் நடப்பது.

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 95 இலக்கம் மாடுகள் இருந்தன. அவற்றுள் நொண்டுவன எத்தனை என்பதன்று நம் கேள்வி. நொண்டும் மாட்டை நடக்கச் செய்யும் அறிவு உலகில் இருக்கின்றது. அஃது ஏன் தமிழ் உழவன் தொழுவத்திற்கு வந்து சேரவில்லை என்பதே நம் கேள்வி.

முன்னாளில் மாட்டின் காலுக்கு வந்த இடர் வேறு. இன்று வந்துள்ள இடர் வேறு. முன்னாளில் வயலிற் சேற்றில் உழுத மாட்டுக்குக் காலணி வேண்டியதில்லை. சோழவளநாட்டுச் சேற்றுக்கென்றே அமைந்தது உம்பளச்சேரி மாடு. ஆனால், கப்பிக்கல் பரப்பிய சாலையில் சுமை இழுத்த வண்டிமாட்டுக்குக் குளம்பு தேய்ந்தது. அதற்காக வந்ததே இரும்புத் தகடு. மாட்டின் குளம்பு கவைபட்டது. காலொன்றுக்கு இரண்டு குளம்பு. ஆகவே குதிரைக்கு நான்கு தகடு போதும். காளைக்கு எட்டுத் தகடு வேண்டும். மாட்டைக் கயிறிட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவிச் சமன்செய்து, அரைமதி போன்ற தகட்டை வைத்து, வெளிப்புறத்து உணர்வற்ற கொம்புப் பகுதியில் மட்டும் ஆணி இறங்குமாறு அடித்து, வெளியே வந்த ஆணிமுனையை முறித்து மழுக்கிவிடுவர். ஓர் ஆணி சற்றே உள்ளே சாய்ந்து உயிர்த்தசையில் ஏறினாலும் மாடு நொண்டிவிடும். எழுதப் படிக்க அறியாத ஒருவர், உள்ளே இருப்பதைக் காணாமலே, தட்டும் ஒலியாலும் கைப்பழக்கத்தாலும் அந்த எல்லையை அறிந்து அடித்தார். அதனைக் கல்வி என்று கூறாமல் வேறென்ன கூறுவது?

இழுவைப்பொறிகளும் சுமையுந்துகளும் வந்தபின் வண்டிமாடு குறைந்தது. தகடடிக்கும் தொழிலும் தேய்ந்தது. ஆனால் நொண்டல் குறையவில்லை, இடம்தான் மாறியது. இன்று நொண்டுவது சாலையில் நடக்கும் காளையன்று. தொழுவத்திலேயே நிற்கும் கலப்பினக் கறவை. உடல் பெருத்த மேலைநாட்டு இனத்தின் குருதி கலந்த மாடு கற்காரைத் தரையிலே, சாணமும் சிறுநீரும் கலந்த ஈரத்திலே, நாள் முழுதும் நிற்கின்றது. நடையின்மையாற் குளம்பு தேயாமல் நீண்டு வளர்கின்றது. குளம்புச் சுவர் திங்களுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வளரக்கூடியது. நுனி நீண்டால் சுமை குதிப்பக்கம் சாயும். குளம்பினுள் இருக்கும் அடியெலும்பு தன் கீழுள்ள உயிர்த்தசையைத் தரையோடு வைத்து நசுக்கும். அங்கே அடிப்புண் தோன்றும். பின்னங்காலில் பெரும்பாலும் வெளிக்குளம்பிலேயே அது வரும். சுவரும் அடியும் கூடுமிடத்தில் ஒரு வெண்கோடு உண்டு. அக்கோட்டில் சிறு கல் புகுந்தால் உள்ளே சீழ் கட்டும். மாடு காலை ஊன்ற மாட்டாது.

இந்நிலைக்குத்தான் மேலைநாட்டு மருத்துவர் புதுவகைக் காலணி ஒன்றைக் கண்டனர். அதில் ஆணியில்லை, இரும்பில்லை. ஒரு மரக்கட்டை அல்லது இரப்பர் என்று வழங்கும் தொய்வக் கட்டை. அதனைக் குளம்பில் ஒட்டுவதற்கு விரைந்து இறுகும் பிசின். அவ்வளவே. மாட்டின் கவைக்குளம்பையே அவர்கள் கருவியாக்கிக் கொண்டார்கள். இரண்டு குளம்பில் ஒன்றே புண்பட்டிருக்குமானால், மற்றது நலமாக உள்ளது. நலமான குளம்பில் கட்டையை ஒட்டிவிட்டால் அஃது உயர்ந்து நிற்கும். சுமை முழுதும் அதன்மேல் இறங்கும். புண்பட்ட குளம்பு தரையைத் தொடாமல் தொங்கும். தொங்கினால் நோவில்லை, நோவில்லையாயின் மாடு நடக்கும், மேயும், நீர் குடிக்கும். நசுங்காத தசை தன் கொம்பைத் தானே வளர்த்துக்கொள்ளும். நான்கு முதல் ஆறு கிழமைக்குள் கட்டையின் வேலை முடிந்துவிடும்.

தமிழன்பர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டுகின்றோம். காலில் முள் தைத்தால் தைத்த காலுக்குத்தான் கட்டுப் போடுவோம். புண் எங்கே, மருந்து அங்கே என்பது மாந்தனின் இயல்பான எண்ணம். இந்தக் காலணியோ அதற்கு நேர்மாறானது. புண்ணுள்ள குளம்பில் ஒட்டினால் நோவு இருமடங்காகும், மாடு பாழாகும். நலமுள்ள குளம்பில் ஒட்டினால் மாடு பிழைக்கும். இந்த ஒரு செய்தியை, அதன் கரணியத்தோடு, உழவனின் செவிக்கும் கருத்துக்கும் எட்டுமாறு சொல்லியாக வேண்டும். அதனைப் பெட்டியின்மேல் ஒட்டிய ஆங்கிலத் தாள் சொல்லுமா? சொன்னாலும் யாருக்குச் சொல்லும்? வெளிப்படையாகத் தோன்றும் அறிவைக் கண்ணால் கண்டே கற்றுக்கொள்ளலாம். தோற்றத்திற்கு மாறான அறிவைத் தாய்மொழியின் துணையின்றிக் கற்கவியலாது. மொழி என்பது இலக்கிய மேடையின் அணிகலன் மட்டுமே என்று நகையாடுவோர் இதற்கு விடை கூறட்டும். இங்கே மொழி ஒரு மாட்டின் உயிர். ஒரு குடும்பத்தின் சோறு.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றியது. கால்நடை மருத்துவத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 1989-இல் தோன்றியது. இவை நமக்குப் பெருமையே. அங்கே கற்றவர்கள் அறிவிற் குறைந்தவர்களல்லர். உழவர்க்கெனத் தமிழில் சிறுநூல்களும் வெளியிடுகின்றனர். அதனை நாம் மறைக்கவில்லை. ஆயினும் வகுப்பில் ஆங்கிலம், தேர்வில் ஆங்கிலம், ஆய்வில் ஆங்கிலம் என ஐந்தாண்டும் பயின்று வெளிவரும் இளைஞர், தொழுவத்தில் நின்று உழவனிடம் பேசும்போது, தாம் கற்றதில் எத்துணைப் பகுதியைச் சொல்ல முடிகின்றது? ஊசி போட முடிகின்றது, விளக்க முடியவில்லை. விளக்கப்படாத மருத்துவம் அந்த ஒரு நாளோடு முடிந்துபோகும். விளக்கப்பட்ட மருத்துவமோ அடுத்த மாட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் தானே நடந்து செல்லும்.

"தமிழில் இவையெல்லாம் இயலுமா?" என்று கேட்கும் அடிமை நெஞ்சங்கள் இன்னும் இந்நாட்டில் உண்டு. அவர்களுக்கு ஒல்லாந்தரைக் காட்டுவோம். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைத் தம் கையில் வைத்திருந்தவர்களும், பழவேற்காட்டிற் கோட்டை கட்டியவர்களும் ஆகிய அதே ஒல்லாந்தர்தாம். அவர்தம் மொழியைப் பேசுவோர் உலக முழுதும் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர். தமிழ் பேசுவோரோ, 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்திய எல்லைக்குள் மட்டுமே ஏறத்தாழ 6.9 கோடிப் பேர். அந்தச் சிறு நாட்டின் உத்ரெக்ட் நகர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தூசான் இராவன் என்னும் மருத்துவர், மாட்டின் குளம்பைச் சீவிச் சமன்செய்யும் முறையைப் படிப்படியாக வகுத்தார். அதனைத் தம் நாட்டு உழவர்க்குத் தம் தாய்மொழியில் எழுதினார். ஆங்கிலத்தில் அது பின்னரே வந்தது. இன்று உலகெங்கும் குளம்பு சீவுவோர் பின்பற்றுவது பெரிதும் அந்த ஒல்லாந்த முறையையே. அவர் ஆங்கிலத்திற்குக் காத்திருக்கவில்லை. ஆங்கிலந்தான் அவருக்காகக் காத்திருந்தது. தமிழ் பேசுவோரிற் பாதியளவையும் எட்டாத மொழிக்கு இயன்றது, தொல்காப்பியம் பிறந்த மொழிக்கு இயலாதா?

மொழிபெயர்ப்பு மட்டுமே போதும் என்றும் நாம் கூறவில்லை. அம்மருத்துவர் வகுத்த அளவு, நுனிச்சுவரின் நீளம் 7.5 செ.மீ. என்பது, நால்விரல் அகலம் என்று கொள்ளலாம். அது குளிர்நாட்டுப் பெருமாட்டுக்கு உரிய அளவு. காங்கேயம் காளைக்கும், பருகூர் மலைமாட்டுக்கும், புலிக்குளத்து மாட்டுக்கும், உம்பளச்சேரிக்கும் அதே அளவை வைத்துச் சீவினால் என்னாகும்? நம் மாட்டின் அடியை அளந்து, நம் நிலத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்கிட்டு, நமக்குரிய அளவை எழுத வேண்டியவர் நம் அறிஞரே. கடன் வாங்கிய மொழியில் எண்ணுவோர் கடன் வாங்கிய அளவையே எண்ணுவர்.

இனிச் சொற்களைக் காண்போம். இரும்புத் தகட்டை மக்கள் லாடம் என்கின்றனர். லகரம் தமிழ்ச் சொல்லின் முதலெழுத்தாக வாராது என்பதைத் தொல்காப்பியம் கற்ற சிறுவனும் அறிவான். இகரம் சேர்த்து இலாடம் என்று எழுதினாலும் வந்த சொல் வந்த சொல்லே. குளம்பு என்னும் தூய தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது அதனை வேராகக் கொண்டு மூன்று சொற்களை எளிதிற் படைக்கலாம். ஆணியடித்துப் பொருத்தும் இரும்பு குளம்புத்தகடு. பிசினால் ஒட்டும் மரமும் தொய்வமும் குளம்புக்கட்டை. புண்ணிற் சாணம் படாமல் குளம்பு முழுதையும் மூடும் தோல் அல்லது நெகிழிச் செருப்பு குளம்புறை. இவற்றைவிடச் சிறந்த சொல் ஓர் உழவர் வாயில் வழங்குமாயின் அதனையே ஏற்போம். நாம் விரும்புவது சொல்லின் தூய்மை மட்டுமன்று; அச்சொல் உழவனின் நாவில் ஏறவும் வேண்டும்.

உள்ள சொற்களை நாம் எவ்வாறு வீணடிக்கின்றோம் என்பதற்கும் ஒரு சான்று தருவோம். நொண்டும் மாட்டை மேலைநாட்டார் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டுத் தரம்பிரிக்கின்றனர். நம் உழவர்க்கு அந்த எண்கள் வேண்டா. 'மாடு தாங்கி நடக்கின்றது' என்றால் நோவு தொடங்கிவிட்டது. முதுகை வளைத்து, அடியை அளந்து வைக்கின்றது என்பது பொருள். 'விந்தி நடக்கின்றது' என்றால் நோவு முற்றுகின்றது. அடிதோறும் தலை ஆடுகின்றது. 'கெந்துகின்றது' என்றால் அக்காலை ஊன்றவே இயலவில்லை. அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். தாங்குதல், விந்துதல், கெந்துதல் என்னும் மூன்று வினைச்சொற்களில் ஒரு நோயளவுகோலே அமைந்திருக்கின்றது. இதனை எந்தப் பாடநூல் ஏற்றுக்கொண்டது? கால்களிலும் வாயிலும் கொப்புளம் காணும் தொற்றுநோய்க்குக் காணை என்னும் உழவர் சொல் இருக்க, விளம்பரங்களிற் பெரும்பாலும் கோமாரி என்றே எழுதுகின்றார்களே, அது யாருக்காக?

தமிழில் இயலும் என்று வாயால் மட்டும் கூறாமல், குளம்புக்கட்டையின் முறையை இங்கேயே சுருங்கச் சொல்லிக் காட்டுகின்றோம். உழவர் இதனை மருத்துவரோடு இருந்து செய்க.

முதலில் மாட்டை அசையாமல் நிறுத்திக் காலை உயர்த்திக் கட்டுக. இரு குளம்பையும் கழுவி, எக்குளம்பில் நோவு என்பதைக் குறடால் மெல்ல அழுத்தி அறிக. இரு குளம்பிலும் நோவு இருக்குமாயின் கட்டை ஒட்டற்க. குளம்பிடையில் கெட்ட நாற்றமும், குளம்பிற்கு மேலே சுற்றிலும் வீக்கமும் இருந்தால் அது குளம்பிடை அழுகல். அதற்கு மருந்தே வேண்டும், கட்டையன்று. புண்ணுள்ள குளம்பில் கழன்ற கொம்பை மருத்துவர் சீவி நீக்குவார். குருதி வரச் சீவுதல் கூடாது. நலமுள்ள குளம்பின் அடியைத் தட்டையாகச் சீவி, ஈரமும் மண்ணும் அறவே இல்லாமல் உலர்த்துக. ஈரக்குளம்பில் பிசின் பிடியாது. கட்டை, குதி வரை தாங்குமாறு பின்னுக்குத் தள்ளி இருத்தல் வேண்டும். முன்னே நீண்டிருந்தால் மாட்டின் நரம்பு இழுபடும். பிசின் இரு குளம்புக்கும் நடுவே வழிந்து இறுகினால் தோலை அறுக்கும். வழிந்ததை உடனே துடைத்துவிடுக. பிசின் சூடேறிச் சில நிமையங்களில் இறுகும். இறுகும் வரை காலை விடற்க. ஒட்டியபின் சில நாளில் நடை தெளிய வேண்டும். தெளியாவிடின் மீண்டும் மருத்துவரை அழைக்க. ஆறு கிழமைக்கு மேலும் கட்டை கழலாமல் இருந்தால் எடுத்துவிடுக. இல்லையேல் சுமை தாங்கிய நற்குளம்பும் கெடும்.

குளம்புறையோ சில நாளைக்கே உரியது. உள்ளே ஈரம் தங்கினால் கொம்பு ஊறும். மேல்விளிம்பு தோலை உரசிப் புதுப்புண் ஆக்கும். ஆகவே அதனை அடிக்கடி கழற்றி, உலர்த்தி, புண்ணைப் பார்த்து மீண்டும் இடுக. எல்லாவற்றிற்கும் மேலாக, தரையைத் திருத்தாமல் காலணி இடுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். மாடு படுக்க உலர்ந்த மண்தரையோ வைக்கோற் படுக்கையோ தருக; நாளும் சிறிது நடக்க விடுக; ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையேனும் குளம்பைப் பார்த்துச் சீவுக.

மேலே உள்ளவற்றுள் தமிழுக்கு இயலாதது எது? ஒரு சொல்லேனும் நின்று தடுக்கியதா?

எனவே நாம் வேண்டுவன இவை:

ஒன்று, தமிழ்நாட்டிற் கால்நடை மருத்துவக் கல்வி படிப்படியாகத் தமிழில் நடத்தப்பெறல் வேண்டும்; உழவரோடு பேசும் பகுதிகளேனும் உடனே தமிழில் கற்பிக்கப்பெற்றுத் தமிழிலேயே தேர்வு வைக்கப்பெறல் வேண்டும்.

இரண்டு, இந்நாட்டில் விற்கப்பெறும் ஒவ்வொரு கால்நடை மருந்துப் பெட்டியிலும், பிசின் புட்டியிலும் தமிழில் விளக்கத்தாள் இருத்தல் வேண்டும். இல்லாத பொருளை அரசு வாங்குதல் கூடாது.

மூன்று, மணப்பாறை, அந்தியூர், பொள்ளாச்சி போன்ற மாட்டுச் சந்தைகளில் எஞ்சியுள்ள தகடடிப்போரையும் மாட்டு மருத்துவ முதியோரையும் தேடி, அவர்தம் சொற்களையும் கைம்முறைகளையும் அவர்கள் வாழும்போதே எழுதிக் காத்தல் வேண்டும். மாட்டு வாகடச் சுவடிகளோடு அவற்றையும் ஒப்பிட்டு அறிஞர் ஆய்தல் வேண்டும்.

நான்கு, அத்தொழிலில் உள்ளோர்க்கே புதுமுறையையும் பயிற்றி, குளம்பு சீவுவோர் என்னும் மதிப்புடைய பணியை ஊராட்சிதோறும் ஏற்படுத்துதல் வேண்டும். மேலைநாட்டில் இஃது ஒரு தனித் தொழில். இங்கே இது கைவிடப்பட்டவரின் தொழிலாகக் கிடக்கின்றது.

2017-ஆம் ஆண்டுத் தைத் திங்களில் ஏறுதழுவலைக் காக்கத் தமிழிளைஞர் கடற்கரையிற் கூடியதை உலகமே கண்டது. அந்த எழுச்சியை நாம் வணங்குகின்றோம். ஆனால், திமிலைத் தழுவிய கை குளம்பையும் தடவிப் பார்க்க வேண்டாவா? வாடிவாசலில் பாயும் ஏற்றுக்காகப் பொங்கிய இனம், தொழுவத்தில் கெந்தி நிற்கும் கறவைக்காகவும் பொங்க வேண்டும். அதற்கு முழக்கம் வேண்டா. ஒரு துண்டுத்தாள் போதும். இதனைப் படிக்கும் ஒவ்வோர் அன்பரும் மேலே சொன்ன முறையைத் தம் ஊரில் மாடு வைத்திருக்கும் ஓர் உழவர்க்குப் படித்துக் காட்டுக. ஆங்கே வழங்கும் குளம்பு பற்றிய சொற்களைக் கேட்டு எழுதி நமக்கு விடுக்க.

1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, அது புலவர் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடும் என்று பலர் எண்ணினர். அது பள்ளிக்குச் சென்றது, மேடைக்குச் சென்றது, அரசு அலுவலகத்தின் பெயர்ப்பலகைக்கும் சென்றது. இன்னும் அது செல்லாத இடம் தொழுவம். அங்கே செல்லும் நாளிலேதான் தமிழ் மீண்டும் உழைப்பவனின் மொழியாகும். அவன் மாடும் தாங்காமல், விந்தாமல், கெந்தாமல் நடக்கும்.